தம்பியின் பெயர் ஒரே வரியில்

ஐப்பசி (ஒக்டோபர்) 8, புதன்

காலையில் நல்ல வெயில். பின்னேரம் இடி, மழை. கொடியில் போட்ட பெட்சீற் திரும்பவும் நனைந்தது.

வாங்க: அரிசிமா, சவர்க்காரம், கண்ணுக்கு விடும் மருந்து. தம்பிக்கு உப்பில்லாத பிஸ்கட்.

பேத்தி அபியின் எழுத்து முடிந்த மாதிரித்தான். போன வருடம் தொடங்கியது. கொம்பியூட்டரில் தட்டினால் வருகிற எழுத்தை ஒருத்தி இருந்து கீற வேண்டும் என்று எனக்கு முன்பு தெரியாது. குழாயில் தண்ணீர் வருவது போல அது பாட்டுக்கு வருகிறது என்று நினைத்திருந்தேன்.

தடித்த எழுத்து, ஒடுங்கிய எழுத்து. காலி ஊர்ப் பக்கம் போகும் பெருவீதி பஸ்ஸில் ஆட்கள் நிற்பது போல, நெருக்கமாக, ஆனால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல். அச்சுக் கடைக்காரர்கள் இருக்கிற எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்குகிறார்களாம். அப்படி நசுக்கினால் நிற்கிற கோடு மெலியும், படுக்கிற கோடு தடிப்பாகவே கிடக்கும். “அது ஒடுங்கின எழுத்தில்லை அம்மம்மா, நசிஞ்ச எழுத்து” என்றாள். இவள் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து ஒடுக்கமாகவே கீறினாள். எழுத்துக்குப் பெயர் “வெள்ளவத்தை”, எங்கள் இடத்தின் பெயர். இங்கே மாடிக் கட்டிடங்கள் ஒட்டி ஒட்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்து வைத்த பெயராம்.

வீதிப் பலகைகளைப் பார்த்தால் விளங்கும். மேலே சிங்களம், கீழே இங்கிலீசு, நடுவில் தமிழ் மூச்சு முட்டிக்கொண்டு. எங்கள் சொற்கள் நீளம். விடுகிற இடம் கட்டை.

ஒரே ஒரு எழுத்துத்தான் மிச்சம்: ணி. ண-வுக்குச் சுழி மூன்று. தடிப்பாகவும் ஒடுக்கமாகவும் வேண்டுமென்றால் சுழிக்குள் வெளிச்சம் போக இடமில்லை. அதற்கு மேல் இகரத்தின் விசிறியும் வந்து குந்தினால் தூரத்தில் கறுப்புக் கட்டி. அதனோடு மல்லுக்கட்டுகிறாள். சாப்பாட்டுக் கோப்பையிலும் விரலால் ணி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டில் ஒருத்தி எழுத்தையே உண்டாக்குகிறாள். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவுக்கும் சொன்னேன். “ஹரி ஷோக்”, நல்ல வடிவு, என்றா. என்ன விளங்கியதோ.

ஐப்பசி 9, வியாழன்

புழுக்கம். முழங்கால் நோ.

அபி மாதிரிப் படங்கள் காட்டினாள். எழுத்து எதற்கெல்லாம் உதவும் என்று கடைக்காரருக்குக் காட்டவாம். ரியூசன் போஸ்டர், கொத்துரொட்டிக் கடைப் பலகை, சேலைக்கடை மலிவு விற்பனை, கோயில் தேர் நோட்டீஸ். கடைசியாகக் கண்ணீர் அஞ்சலிப் பனர்.

“இது என்னத்துக்குப் பிள்ளை?”

“இந்த எழுத்து ஆருக்கு வேணும் சொல்லுங்கோ? ரியூசன் வாத்திமாருக்கும் செத்த வீட்டுக்காரருக்கும்தான். மற்றவை எல்லாம் இங்கிலீசில போடுவினம்.”

பனரில் என் தம்பியின் பெயர். அமரர் திருச்சிற்றம்பலம் பாலசுப்பிரமணியம். “அறிவில்லையோ, அடுத்த வெள்ளி ஒப்பரேசனுக்குப் போற மனுசன்” என்றேன்.

அவள் சிரித்தாள். போன கிழமை கொட்டாஞ்சேனையில் தம்பி வீட்டுக்குப் போனபோது அவனே சொன்னானாம்: “என்ர பேரைப் போட்டுப் பார், பிள்ளை. என்ர பேர் ஒரு வரியில அடங்கினா உன்ர எழுத்துப் பாஸ்.” உண்மைதான். கடை வைத்திருந்த காலம் முழுக்கப் பலகையில் “பாலா” என்றுதான் இருந்தது. இடம் காணாது. கலியாணக் கார்ட்டிலும் பெயரை முறித்துத்தான் அடித்தார்கள்.

செத்த ஒருவரின் பெயரை விளையாட்டுக்கு எடுப்பது மரியாதையில்லை என்று உயிரோடு இருப்பவரின் பெயரை எடுத்தாளாம். படித்த பிள்ளைகளின் கணக்கு.

பெயருக்குக் கீழே மலர்வு, அவன் பிறந்த திகதி. உதிர்வு என்று போட்டு அந்த இடம் வெறுமை. படம் வைக்கும் வட்டத்துக்குள் ஒரு குத்துவிளக்கு.

ஆனால் என்ன சொன்னாலும் வடிவு. எங்களைப் பெற்ற ஐயாவின் பெயரும் தம்பியின் பெயரும் பக்கம் பக்கமாக, நிமிர்ந்து, ஒரே வரியில். ஐயாவின் பெயரை இத்தனை பெரிதாக எங்கும் நான் கண்டதில்லை. எல்லாப் படங்களையும் என் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.

ஐப்பசி 10, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் குடும்ப குறூப்பைத் திறந்தால் கனடாவிலிருந்து சின்னம்மாவின் மகள். பேரன் பட்டம் வாங்கிய படம், தொப்பியோடு, கறுப்புச் சட்டையோடு, எட்டு விதமாக. கீழே எல்லோரும் பூச்செண்டு. எனக்கும் ஒரு பேத்தி இருக்கிறாள்தானே. படங்களைப் பார்த்தேன். கொத்துக்கடையை அனுப்ப மனம் வரவில்லை. எடுப்பாக இருந்தது ஐயாவின் பெயர் உள்ளதுதான். அனுப்பினேன். இது அபி கீறின எழுத்து என்று குரலில் சொல்லப் போனைப் பிடித்தேன், அதற்குள் கோயில் மணி. வெள்ளிக்கிழமைப் பூசை. வந்து சொல்லலாம். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன்.

வந்து பார்த்தால் போன் முழுக்கக் கண்ணீர். கும்பிட்ட கைகள். மெழுகுதிரிப் படம். லண்டன், சுவிஸ், கனடா. “ஆழ்ந்த அனுதாபங்கள்.” “நல்ல மனுசன்.” “எப்ப எடுக்கினம்?” பட்டம் வாங்கிய பெடியனும் கும்பிட்டிருந்தான்.

அபி வேலைக்கு நுகேகொடை போய்விட்டாள். மகள் வசந்தி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நேரம். எனக்கு அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாது.

பிறகு போனில் மச்சாளின் கோல். தம்பி பெண்சாதி. கனடாக்காரி அங்கே போன் எடுத்து “எப்ப மச்சாள் நடந்தது?” என்று குழறி அழுதிருக்கிறாள். தம்பி முன்னாலிருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.

“உங்கட பேத்திக்கு எழுத்து வடிவு பாக்க என்ர மனுசன்தான் கிடைச்சவரோ?”

“அவன்தான் போடச் சொன்னவன்.”

“அவர் சொல்லுவார்! அவருக்கு எல்லாம் பகிடி. நெஞ்சைத் திறக்கப் போறாங்கள் மச்சாள். நீங்கள் முன்னுக்கே பனர் அடிச்சு உலகத்துக்குக் காட்டிறியள்.”

அந்த இடத்தில் பொறுத்திருக்கலாம். நான் சொன்னது: “அது கலை. உமக்கு விளங்காது. பொய்ச் சாவு கேட்டா ஆயுசு கூடும், போய்ச் சாமிக்கு விளக்கு வையும்.”

அவ சொன்னது: “இனி இந்த வாசலுக்கு வரவேண்டாம்.”

நானும் சொன்னேன்: “ஆர் வாறதெண்டு நினைக்கிறீர்?”

இவ்வளவுதான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஐப்பசி 11, சனி

மழை. அபி படத்தை அழித்துவிட்டாள், குறூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தார்கள்தானே. சிலர் சேமித்தும் வைத்திருப்பார்களாம். நல்ல வேலை.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “நான்தான் அந்தப் பேரில ‘அமரர்’ போட்டது” என்று மட்டும் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால். எட்டிப் பார்த்தேன். ணி.

தம்பி வசந்தியோடு கதைத்தானாம். சிரித்தானாம். “பனர் நல்ல வடிவு. படம்தான் இல்லை. என்ர கலியாணப் படத்தைப் போடச் சொல்லு, தலைமயிர் இருந்த காலம்.” பிறகு, “அக்காவை வரச் சொல்லு. வெள்ளிக்கு முன்னம் ஒருக்கா வரச் சொல்லு.”

வசந்தி: “அம்மா, போய் மாமியிட்ட ஒரு சொல் சொல்லிப்போட்டு வாங்கோ. ஒரு சொல்தானே.”

நான்: “வாசல் அவவின்ர. வரவேண்டாமெண்டு சொன்னவ அவ. வாங்கோ எண்டு அவ சொல்லட்டும்.”

வசந்தி இடியப்பத் தட்டைக் கழுவும்போது போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஐப்பசி 12, ஞாயிறு

அபி தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தாள். ரயிலில் கோட்டை வரை, பிறகு ஓட்டோ. உப்பில்லாத பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டேன். நான் தந்தது என்று சொல்லாதே என்றும் சொன்னேன்.

மச்சாள் கேற்றைத் திறந்தாவாம். தேத்தண்ணியும் தந்தாவாம். அபி காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, “உன்னில கோவமில்லைப் பிள்ளை. நீ சின்னப் பிள்ளை” என்றாவாம். அப்போது கோபம் யாரில் என்று கேட்கத் தேவையில்லை.

தம்பி கட்டிலில். கால் வீங்கியிருக்கிறதாம். அபியிடம் ஒரு விசயம் மட்டும் கேட்டானாம்: “என்ர பேர் உண்மையா ஒரு வரியில அடங்கினதோ, நசிக்காம?” ஓம் என்றாளாம். “அப்ப பாஸ்.”

“அம்மம்மா, நாளைக்குப் போவமா? நான் லீவு போடுறன்.”

பார்ப்போம் என்றேன்.

“அவர் சரியா வெளிறிப்போய் இருக்கிறார் அம்மம்மா.”

இருமல் மருந்து முடிந்தது. வாங்க.

ஐப்பசி 13, திங்கள்

போகவில்லை. முழங்கால். முழங்கால் மட்டும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

மருந்துக்கடைக்குப் போன வழியில் அபியின் எழுத்து. வைகாசியில் அரைகுறையாக இருந்தபோதே இன்ரநெற்றில் எவரும் சும்மா எடுக்க விட்டுவிட்டாள். இப்போது எங்கும்.

— கணிதம், தரம் 11, தனி வகுப்பு. மின்கம்பத்தில்.
— “இறுதி நாள்” என்று சேலைக்கடைக் கண்ணாடி. (இறுதி நாள் முடிந்து எத்தனையோ நாள்.)
— தோசைக்கடைப் பலகை. புள்ளிகள் தோசைக்கல் வட்டமாக இருக்கின்றன.
— தெஹிவளைப் பக்கம் போகும் வான் வண்டியில் ஒட்டிய நோட்டீஸ், பாதி கிழிந்தது.
— பாலத்தடியில் ஒரு கண்ணீர் அஞ்சலி. முன்பின் தெரியாத மனுசன். “வைரமுத்துக் குருக்கள்” போல ஒரு நீளப் பெயர், ஒரே வரியில்.

ஒவ்வொன்றிலும் நின்றேன். கண் மங்கல். ஆனால் கண்ணாடி போடாமலே வாசிக்க முடிந்தது. தோசைக்கடை மனுசனிடம் “இந்த எழுத்து என்ர பேத்தியின்ர” என்றேன். “அப்பிடியோ ஆச்சி, பார்சலா, இருந்து சாப்பிடுறியளா?” என்றான்.

அபிக்குச் சொன்னால் முகம் தெளியும் என்று நினைத்துச் சொன்னேன். தெளியவில்லை. “அந்த எழுத்தை எல்லா இடத்திலயும் இருந்து எடுத்துப்போடலாமெண்டா எடுத்துப்போடுவன்” என்றாள். “முடியாது. ஆக்களிட்டப் போயிட்டுது.”

ஐப்பசி 14, செவ்வாய்

மரக்கறி விலை கேட்கவே பயம். கோவா பாதி வாங்கினேன்.

மத்தியானம் குளித்துவிட்டு வந்தால் போனில் சிவப்பாக: தம்பி. ஒரு தவறிய அழைப்பு. அவனே எடுத்திருக்கிறான். கை போனுக்குப் போனது. பக்கத்தில் மச்சாள் இருப்பா. “பாருங்கோ, உங்கட அக்கா எடுக்கிறா” என்று அவ முகத்தைச் சுளிப்பதும் தெரிந்தது.

ஒருக்கால் எடுத்தவன் திரும்பவும் எடுப்பான். குசினிக்குப் போகும்போதும் போனைக் கையில் வைத்திருந்தேன்.

எடுக்கவில்லை.

அபி ணி-யைத் திருத்திவிட்டாள். கூப்பிட்டுக் காட்டினாள். விசிறியைக் கொஞ்சம் தூக்கி, நடுச் சுழியின் வயிற்றில் ஊசி அளவு வெட்டு. தூரப் போய் நின்று பார்க்கச் சொன்னாள். சுழிக்குள் வெளிச்சம் தெரிந்தது. “இனி அவர்ர பேர் சரி” என்றாள்.

ஐப்பசி 15, புதன்

விடிய எழும்பும்போதே முடிவு. நாளைக்குப் போவது. மச்சாள் என்ன சொன்னாலும் சரி. நான் சொல்ல வேண்டியதைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். “பிழைதான் மச்சாள்.” வாயில் வரக் கஷ்டம். நாலைந்து தரம் சொன்னபிறகு வந்தது.

இன்றைக்கே போயிருக்கலாம். ஆனால் இன்று வெறுங்கையோடு. நாளைக்கு உப்பில்லாமல் பிட்டு அவித்து, வாழைப்பழத்தோடு. நீலச் சேலையை அயன் பண்ணி வைத்தேன். வசந்திக்குச் சொன்னேன். அவள் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள், சீனி கூட.

ஐப்பசி 16, வியாழன்

பிட்டு அவித்து, சேலை கட்டி, சாமான் பையோடு கீழே இறங்கினேன். ஓட்டோவும் வந்தது. ஏறின பிறகு வசந்தியின் கோல். தம்பியை நேற்றுப் பின்னேரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றாம். ஒப்பரேசனுக்கு இரண்டு நாள் முன்னமே படுக்க வைக்க வேண்டுமாம். அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னேன். வாசலில் செக்கியூரிட்டி. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். பாஸ் மச்சாளிடம், மச்சாள் உள்ளே.

“மகே மல்லி” என்றேன். என் தம்பி என்று.

“தன்னவா அம்மே. பாஸ் எக்காய்.” தெரியும் அம்மா, பாஸ் ஒன்றுதான்.

மச்சாளுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. உள்ளே போன் அடிக்க விடமாட்டார்களாம், பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு வேறு மாதிரித்தான் விளங்கியது. கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். பிட்டை ஓட்டோக்காரனிடம் கொடுத்தேன்.

ஐப்பசி 17, வெள்ளி

மழையில்லை. வெயிலும் இல்லை.

கோயிலில் அருச்சனை. ஐயர் பெயர் கேட்டார். முழுப் பெயரையும் சொன்னேன். திரும்பக் கேட்டார். திரும்பவும் சொன்னேன்.

தம்பியின் மகன் கஜன் பின்னேரம் எடுத்தான். “முடிஞ்சுது மாமி. ஆனா கண் முழிக்கேல்ல. பாப்பம் எண்டு சொல்லுகினம்.”

“அம்மா எங்க?”

“இருக்கிறா. குடுக்கவா?”

குடு என்றேன். மூச்சுச் சத்தம் கேட்டது. “மச்சாள்” என்றா. “மச்சாள்” என்றேன் நானும். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வரவில்லை. குளித்துக் குளித்துச் சொல்லிப் பார்த்தது எல்லாம் எங்கே போனதோ.

ஐப்பசி 18, சனி

தம்பி போய்விட்டான். விடியற்காலை. கண் திறக்காமலே.

ஐப்பசி 19, ஞாயிறு

கொட்டாஞ்சேனை. நாள் முழுக்கத் தூறல். நாளைக்குத் தீபாவளி என்பதால் இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று எல்லாம் அவசரம்.

ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியதும் வெள்ளைக் கொடிகள். கேற்றுக்கு மேல் பனர். நான் படித்தவள் இல்லை, எந்த எழுத்தையும் கூட்டித்தான் வாசிப்பேன். இதைக் கூட்டத் தேவையில்லை. முன்பே வாசித்தது.

அதே பனர். அதே “கண்ணீர் அஞ்சலி”. அமரர் திருச்சிற்றம்பலம் பாலசுப்பிரமணியம். குத்துவிளக்கின் மேல் தம்பியின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், அவன் தலைக்கு மேல் விளக்கின் நுனி எட்டிப் பார்த்தது. உதிர்வு என்ற இடத்தில் நேற்றைய திகதி. அது மட்டும் வேறு எழுத்து, மெல்லியது, சரிந்து கிடந்தது. போனில் வந்த படத்தைப் பெரிதாக்கியதால் எழுத்தின் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி.

கஜன் பக்கத்தில் வந்தான். கண் வீங்கியிருந்தது. “நேரம் இருக்கேல்ல மாமி. கடையும் நாளைக்குப் பூட்டு. ஆரோ படத்தைச் சேமிச்சு வச்சிருந்தவை. கடைக்காரன் திகதியை மட்டும் போட்டுத் தந்தான். பிழையோ?”

இல்லை ராசா என்றேன்.

அபி மழையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். குடையைப் பிடித்தேன். “பழைய ணி, அம்மம்மா” என்றாள். “திருத்தினது வீட்டில கிடக்கு.” உண்மைதான். பெயரின் நடுவில் ஒரு கறுப்புக் கட்டி.

மச்சாள் உள்ளே தலைமாட்டில். என்னைக் கண்டதும் கையை நீட்டினா. கட்டிப் பிடித்துக் குழறினோம். “வந்திருக்கலாமே மச்சாள்” என்றா. “உங்களைத்தான் கேட்டவர். செவ்வாய்க்கிழமை நான்தான் நம்பர் அடிச்சுக் குடுத்தனான்.”

மச்சாள்தான் அடித்துக் கொடுத்தவ.

ஆண்கள் மாதம்பிட்டிச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினோம். தண்ணீர் கேற்றடிக்கு ஓடியது. மேலே பார்க்காமல் கூட்டினேன்.

ஐப்பசி 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. கீழ் வீட்டில் வெடி.

அபி லீவு. கொம்பியூட்டரைத் திறக்கவில்லை. வசந்தி சோறு மட்டும் வைத்தாள், பருப்பு.

போனைத் திறந்தால் அந்தத் தவறிய அழைப்பு சிவப்பாக இன்னும் இருக்கிறது. அதில் ஐயாவின் பெயர் இல்லை, அவன் நீளப் பெயரும் இல்லை. “தம்பி” என்றுதான். இடம் எவ்வளவோ மிச்சம்.

மழை வரப் பார்க்கிறது. கொடியில் நீலச் சேலை.